பிளஸ் ஒன், பிளஸ் டூ சைக்காலஜி: புத்தகத்தை நம்பலாம், லேப் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும்

புத்தகம் இரண்டும் நல்ல புத்தகங்கள். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளை தியரிக்கான 70 மார்க்கை அவற்றை வைத்தே படித்துவிடும். மீதி 30 மார்க் செய்முறை. அது புத்தகத்தில் இல்லை. பள்ளிக்கூடத்து அலமாரியில் இருக்கிறது, சில இடங்களில் அங்கேயும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிபிஎஸ்இ பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்து சைக்காலஜி எடுக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த அலமாரியைத்தான்.

இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டவை: என்சிஇஆர்டி-யின் பிளஸ் ஒன் புத்தகமான ‘இன்ட்ரொடக்ஷன் டு சைக்காலஜி’, பிளஸ் டூ புத்தகமான ‘சைக்காலஜி’, இவற்றோடு செய்முறைக்கு வாங்கும் சோதனைத் தாள்களும் கருவிகளும். சிபிஎஸ்இ-யில் பாட எண் 037.

அதற்கு முன் ஒன்று. இந்தப் பாடத்துக்காக மட்டும் பள்ளி மாறுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ அரசு மேல்நிலைப் பள்ளியில் வழக்கமாகக் கிடைக்கும் குரூப்களில் சைக்காலஜி இருக்காது. அதற்காகப் பத்தாவது முடித்ததும் சிபிஎஸ்இ-க்குத் தாவினால், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீடு போய்விடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாயும் போய்விடும். இத்தனைக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. சைக்காலஜி சேர, பிளஸ் டூவில் அதைப் படித்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதில்லை. ஏற்கெனவே சிபிஎஸ்இ-யில் படிக்கும் பிள்ளைக்கு இந்த இழப்பு இல்லை. அவர்களுக்கு இது தாராளமாக எடுக்கக்கூடிய பாடம். ஒரே கவனம், கணக்கை விட்டுவிட்டு அந்த இடத்தில் சைக்காலஜியை வைத்தால் பொறியியல் கலந்தாய்வுக் கதவு மூடிக்கொள்ளும். நீட் எழுத மட்டும் போகிறவர்களுக்கு அது பிரச்சினை இல்லை.

புத்தகம் வாங்குவது சுலபமல்ல. நம்மூர்க் கடைகளில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி அடுக்கடுக்காக இருக்கும்; சைக்காலஜியை ‘ஆர்டர் போட்டுத் தர்றோம்’ என்பார்கள். சேலத்துக்கோ பெங்களூருக்கோ சொல்லி வர வைப்பதற்குள் ஜூன் முடிந்துவிடும். அதுவரை என்சிஇஆர்டி இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கும் பிடிஎஃப்பை இலவசமாக இறக்கிப் படிக்கலாம். அச்சுப் புத்தகம் வந்ததும் ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அசல் பிரதி 80 ஜிஎஸ்எம் தாளில், என்சிஇஆர்டி நீர்க்குறியோடு இருக்கும். நீர்க்குறி இல்லாத திருட்டுப் பதிப்பில் எழுத்து படிக்க வரும், ஆனால் படங்கள் கறுத்துப் போயிருக்கும். புலன்காட்சி (பெர்செப்ஷன்) அத்தியாயத்தில் உருவமும் பின்புலமும் பற்றிய படம் கறுத்துவிட்டால் பாடமே போச்சு.

பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் (ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு அவென்யூ ரோடு கைக்கெட்டும் தூரம்) பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பிளஸ் ஒன் பழைய பதிப்பில் ஒன்பது அத்தியாயம். மூன்றாவதாக இருந்த, மூளையும் நரம்பு மண்டலமும் பற்றிய அத்தியாயம் பாடக் குறைப்பின்போது போய்விட்டது, இப்போது எட்டுதான். அதனால் எண்கள் ஒன்று தள்ளிப் போய்விட்டன. ஆசிரியர் ‘அஞ்சாவது சாப்டர்’ என்றால் புதுப் புத்தகத்தில் கற்றல், பழையதில் புலன்காட்சி. தேர்வுக்கு முந்தின நாள் தப்பான அத்தியாயத்தைப் படித்துவிட்டு வருவது இதனால்தான். பிளஸ் டூவில் கடைசி இரண்டு அத்தியாயங்களைத்தான் எடுத்தார்கள், முதல் ஏழின் எண்கள் மாறவில்லை. ஆனால் நாலாவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். மனநலக் கோளாறுகளின் வகைப்பாட்டுக்கு டிஎஸ்எம் (அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு) ஐந்தாம் பதிப்பு என்று இருந்தால் வாங்கலாம். நாலாம் பதிப்பு என்று இருந்தால் அது மிகப் பழையது. கோளாறுகளின் பெயரும் பிரிவும் மாறிவிட்டன, அதைப் படித்து எழுதினால் மார்க் வராது.

இனி பிளஸ் ஒன் புத்தகம். முதல் அத்தியாயத்தைப் பிள்ளைகள் வரலாறு என்று ஒதுக்குவார்கள், ஆனால் 11 மார்க். 1879-இல் லைப்சிக்கில் வுண்ட் ஆய்வகம் தொடங்கியது, 1915-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம், 1916-இல் அங்கேயே தனித்துறை, அதன் பிறகு மைசூரும் பாட்னாவும். இந்தச் சில ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் முடிந்துபோகும் வேலை. ஆராய்ச்சி முறைகள் பற்றிய இரண்டாம் அத்தியாயம்தான் 13 மார்க். முழுப் புத்தகத்திலும் அதிக எடை இதற்கே. புத்தகத்தில் மிக நன்றாக எழுதப்பட்ட அத்தியாயமும் இதுதான், பிள்ளைகள் மிக அதிகமாகத் தடுமாறுவதும் இதில்தான். சாரா மாறி எது, சார்ந்த மாறி எது என்பதை மாற்றி எழுதுவார்கள். வரையறையை உருப்போட்டால் இது தீராது. மாரியம்மன் பண்டிகைக்கு ரேடியோசெட் கட்டிய தெருவில் படித்தால் மனதில் நிற்குமா என்று சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் கூட்டிக் குறைப்பது சத்தத்தை. அது சாரா மாறி. எண்ணிப் பார்ப்பது நினைவில் நின்ற சொற்களை. அது சார்ந்த மாறி. பிள்ளையின் தூக்கம், பசி, பாடத்தின் கடினம் எல்லாம் இரண்டு குழுவிலும் ஒன்றாக இருக்கும்படி கட்டிப்போட வேண்டியவை. ‘நாம் திருகுவது, நாம் எண்ணுவது’ என்று இரண்டு வார்த்தையில் கேட்டுக்கொண்டால் எந்தக் கேள்வியிலும் பிடிபட்டுவிடும்.

கற்றல் அத்தியாயத்தில் புத்தகத்தின் உதாரணங்கள் சரியானவை, ஆனால் வறண்டவை. எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றுதான் என்று முக்கால்வாசிப் பேர் எழுதுவது அதனால்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லைக்குள் யானை இறங்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு இருப்பவர் பட்டாசு கொளுத்துகிறார், யானை விலகுகிறது. கொல்லைக்குள் இறங்கிய செயலுக்கு வெடிச்சத்தம் தண்டனை, அந்தச் செயல் இனிக் குறைய வேண்டும். காவல்காரர் பக்கம் பார்த்தால், பட்டாசு கொளுத்தியதும் தொல்லை நீங்கியது. ஆகவே நாளை இரவும் கொளுத்துவார். கொளுத்தும் செயல் கூடியதால் அவருக்கு அது எதிர்மறை வலுவூட்டல். யானை காட்டோரம் ஓடியதும் சத்தம் நின்றால், ஓடிய செயலுக்கும் எதிர்மறை வலுவூட்டல்தான். ஒரே சம்பவத்தில் மூன்று பதில். யாருடைய எந்தச் செயல், அது கூடியதா குறைந்ததா என்று கேட்காமல் பதில் எழுதவே கூடாது. பத்து நாள் கழித்து யானை சத்தத்துக்கு அசையாமல் ராகியைத் தின்றுகொண்டு நின்றால், அது பழகிப்போதல். இதை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் இல்லை.

நினைவாற்றல் அத்தியாயம் குறையில்லாதது. 1956-இல் மில்லர் சொன்ன ஏழு, கூட்டல் கழித்தல் இரண்டு. 1968-இன் அட்கின்சன், ஷிஃப்ரின் மாதிரி. 1972-இன் கிரேக், லாக்ஹார்ட் ஆழ நிலைகள். மூன்றையும் ஒரே பக்கத்தில் படம் போட்டு வைத்துக்கொண்டால் போதும். வளர்ச்சி அத்தியாயத்தில் பியாஜேயோடு நிறுத்திவிடாமல், இந்தியக் குழந்தையின் சூழலை வைத்து துர்கானந்த் சின்ஹா 1977-இல் தந்த மாதிரியையும் படிக்க வேண்டும். பிள்ளைகள் விட்டுவிடும் பகுதி அது. கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு ஐந்து ஐந்து மார்க்தான்.

புத்தகத்தின் உண்மையான குறை மொழி. என்சிஇஆர்டி இந்த இரண்டையும் தமிழில் போடவில்லை; தேர்வையும் தமிழில் எழுத முடியாது. பத்தாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் வாக்கியமே பிடிபடாது. இதற்கு நம் மாவட்டங்களில் ஒரு மருந்து வீட்டுக்கு வீடு இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பி.எட். முடித்த அக்காவோ, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதும் சித்தியோ இல்லாத தெரு தர்மபுரியில் எங்கே இருக்கிறது? அவர்கள் வைத்திருக்கும் தமிழ்க் கல்வி உளவியல் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். டெட் தாளில் 150 கேள்வியில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் சார்ந்தவை. ஆகவே பாவ்லவ், ஸ்கின்னர், பியாஜே, நுண்ணறிவுக் கோட்பாடுகள், ஊக்கம், நினைவு எல்லாம் நல்ல தமிழில் அதில் இருக்கும். மனநலக் கோளாறுகள், சிகிச்சை முறைகள், குழுவின் செல்வாக்கு ஆகியவை இருக்காது. பிளஸ் டூ நாலாவது அத்தியாயம் முதல் கைவிட்டுவிடும். அதற்குள் பிள்ளைக்கு ஆங்கிலம் பழகியிருக்கும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், நம்மூர் உதாரணம். ஆக்கநிலையுறுத்தல் (கண்டிஷனிங்), புலன்காட்சி, பொருத்தப்பாடு (அட்ஜஸ்ட்மென்ட்), தற்கருத்து (செல்ஃப் கான்செப்ட்) என்று தமிழில் பொருள் புரிந்துகொண்டு, தேர்வில் ஆங்கிலச் சொல்லை எழுத வேண்டும். டெட் கையேட்டின் குறிப்புகளை அப்படியே மொழிபெயர்த்து எழுதுவது மட்டும் வேண்டாம். அது ஒரு வரிக் கேள்விக்காகச் சுருக்கப்பட்டது.

பிளஸ் டூ புத்தகம் கனமானது. நுண்ணறிவு 13 மார்க், ஆளுமை 13, மன அழுத்தம் 9, கோளாறுகள் 12, சிகிச்சை 9, மனப்பான்மை 8, குழு 6. முதல் இரண்டு அத்தியாயம் தெரிந்தாலே 26. நுண்ணறிவில் 1905-இன் பினே, சீமோன் தொடங்கி ஸ்பியர்மேன், தர்ஸ்டன், கார்ட்னர், ஸ்டெர்ன்பெர்க், ஜே.பி. தாஸின் ‘பாஸ்’ (PASS) மாதிரி வரை வரிசையாக வரும். ஒவ்வொருவரும் எதற்கு மறுப்பாக வந்தார் என்று புரிந்துகொள்ளாமல் பெயர்களை மட்டும் உருப்போட்டால் கலங்கிவிடும். ஆளுமையில் வாதம், பித்தம், கபம் என்று புத்தகம் ஆரம்பிக்கும்போது சித்த வைத்தியம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குச் சிரிப்பு வரும், ஆனால் அதுவும் கேள்வியில் வரும். ரோர்ஷா மைத்தடச் சோதனையில் பத்து அட்டை: ஐந்து கறுப்பும் சாம்பலும், இரண்டில் கூடவே சிவப்பு, மூன்று வெளிர்நிறம். ஒரு மார்க் கேள்விக்கு இது தோதானது.

கோளாறுகள் அத்தியாயத்தில் புத்தகம் அவசரப்படுகிறது. இத்தனை கோளாறுகளை ஒரே அத்தியாயத்தில் அடைத்ததில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் உள்ள நாலு அளவுகோல் தங்கம்: வழக்கத்திலிருந்து விலகல், துன்பம், செயல் முடக்கம், ஆபத்து. இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு பண்டிகையில் அருள் வந்து ஆடுபவரைப் பாருங்கள். அந்த ஊரில் அது வழக்கத்துக்கு மாறானது அல்ல. ஆடி முடித்து, விபூதி கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பால் கறக்கப் போய்விடுகிறார். துன்பமும் இல்லை, முடக்கமும் இல்லை. பரவலாக ஏற்கப்பட்ட சமய வழக்கத்தின் பகுதியாக வருவதைப் ‘டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி’ கோளாறாக (பழைய பெயர் பல ஆளுமைக் கோளாறு) கொள்ளக் கூடாது என்று டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பே சொல்கிறது. அதே ஆள் கோயிலும் பண்டிகையும் இல்லாத நாளில், தனியாக இருக்கும்போது, தன்னை மறந்து, வேலைக்கும் போக முடியாமல், அதனால் வேதனைப்பட்டால் விஷயம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘சாமியாடுவது ஒரு நோய்’ என்று கேஸ் ப்ரொஃபைலில் (ஒருவரைப் பற்றி மாணவர் எழுதும் ஆய்வுக் குறிப்பு) எழுதிவைத்துப் பிள்ளைகள் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) மாட்டுகிறார்கள். புத்தகம் ஐசிடி (நோய்களின் சர்வதேச வகைப்பாடு) பத்தாம் திருத்தத்தோடு நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தேர்வுக்குப் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள், தெரிந்து வைத்துக்கொள்வது தனி.

ஆறாவது, ஏழாவது அத்தியாயங்கள் சுலபம்.

இப்போது அலமாரி. பிளஸ் ஒன்னில் இரண்டு பரிசோதனையும் ஒரு ப்ராஜெக்ட்டும். பிளஸ் டூவில் ஐந்து உளவியல் சோதனைகளும் ஒரு கேஸ் ப்ரொஃபைலும். பிளஸ் டூவின் 30 மார்க்கில் ஃபைலும் கேஸ் ப்ரொஃபைலும் 10, வைவா 5, தேர்வு நாளில் செய்யும் இரண்டு சோதனைக்கு 15. அந்தப் பதினைந்தில் நடத்துவதற்கு 5, எழுதுவதற்கு 10. கருவி நன்றாக இருந்தாலும் அறிக்கை எழுதத் தெரியாவிட்டால் பத்துப் போய்விடும்.

பிளஸ் ஒன் கருவிகளை விலைக்கு வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நீளம் பற்றிய கண் மயக்கத்தை அளக்கும் முல்லர்-லயர் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இருமுனையும் உள்நோக்கி மடிந்த அம்புக் கோடு ஒன்று, வெளிநோக்கி விரிந்த கோடு ஒன்று. நகரும் பகுதியை இழுத்து இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் பிள்ளை நிறுத்த வேண்டும். கடையில் வாங்கும் பலகையில் நகரும் பகுதி சீக்கிரம் தளர்ந்துவிடும். கையை எடுத்ததும் இரண்டு மில்லிமீட்டர் நழுவும், அளவு பொய்யாகும். கெட்டிச் சார்ட் அட்டையில் உறைபோல ஒன்று செய்து, அதற்குள் இன்னொரு பட்டையைச் செருகினாலே பலகை தயார். நிலையான கோடு 15 சென்டிமீட்டர், சிறகு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சிறகுக்கும் கோட்டுக்கும் இடையே கோணம் குறுகலாக இருந்தால் மயக்கம் பெரிதாகத் தெரியும், அகலமாக வைத்தால் சுருங்கிப்போகும். இரண்டு முனையிலும் கோணத்தைப் பாகைமானியால் அளந்தே போடுங்கள். அளவுகோலைப் பின்பக்கம் ஒட்ட வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், கூட்டிக்கொண்டு வருவது, குறைத்துக்கொண்டு வருவது என்று நாலு விதத்திலும் பத்துப் பத்தாக 40 முறை எடுக்கவும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஆரம்பித்தால் பிள்ளை கண்ணால் பார்க்காமல் கைப்பழக்கத்தில் நிறுத்திவிடும். நடத்துபவர் ‘ம்’ என்று தலையாட்டினாலும் கெட்டது.

கண்ணாடி பார்த்து நட்சத்திரம் வரைவதும் அப்படித்தான். முகம் பார்க்கும் கண்ணாடி, மறைக்க ஓர் அட்டை, இரட்டைக் கோட்டில் வரைந்த ஆறுமுனை நட்சத்திரம், செல்போன் ஸ்டாப்வாட்ச். இடக்கையால் இரண்டு முறை, வலக்கையால் பத்து முறை, மறுபடி இடக்கையால் இரண்டு முறை; நேரமும் கோட்டைத் தாண்டிய தவறும் குறிக்க வேண்டும். தாளை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டாவிட்டால் நட்சத்திரம் பென்சிலோடு சுற்றும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஃபைல்களில் எல்லாரும் ‘பயிற்சி ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போனது’ என்று எழுதுகிறார்கள். நடுவில் பயிற்சி செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளையின் இடக்கை நேரத்தோடு ஒப்பிடாமல் அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஒரு ஒப்பீட்டைச் சேர்த்த ஃபைல் தனியாகத் தெரியும்.

பொருளற்ற அசைகளை நினைவில் வைக்கும் பரிசோதனைதான் நம் பக்கத்தில் அடிக்கடி சொதப்புவது. எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வின் வழி வந்தது. மெய், உயிர், மெய் என்று மூன்று எழுத்தில் பொருளில்லாத அசைகள். வடக்கே அச்சான பட்டியலை அப்படியே பயன்படுத்துகிறார்கள். வாய்விட்டு வாசித்தால் அதில் கல் வரும், வில் வரும், புல் வரும், நெல் வரும். தமிழ்ப் பிள்ளைக்கு அவை பொருளற்றவை அல்லவே. நாலு அசை மட்டும் எல்லாருக்கும் நினைவில் நிற்பதைப் பார்த்து, ‘பட்டியலின் முதலும் கடைசியும் நினைவில் நிற்கும்’ என்று படித்தது பொய்யா என்று பிள்ளை குழம்பும். ஓசூரில் இன்னும் வம்பு. வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் இருக்கும். ‘ஹால்’ என்றால் தமிழ்ப் பிள்ளைக்குக் கல்யாண மண்டபம், கன்னடப் பிள்ளைக்குப் பால். ஆகவே இருபது அசை எழுதி, வெவ்வேறு வீட்டு மொழி பேசும் மூன்று நாலு பேரிடம் காட்டி, யாருக்காவது உடனே பொருள் தோன்றுபவற்றை அடித்துவிட்டு, மிஞ்சியதில் பன்னிரண்டை எடுங்கள். இரண்டு வினாடிக்கு ஒன்று வீதம், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்க வேண்டும். உடனே ஒப்பிக்கச் சொன்னால் கடைசி அசைகள் நன்றாக வரும். நடுவில் அரை நிமிடம் எண்ணைத் தலைகீழாகச் சொல்ல வைத்தால் கடைசியின் சலுகை காணாமல் போகும். இரண்டு விதமாகவும் செய்து பார்த்தால் அறிக்கையில் எழுத நிறைய கிடைக்கும்.

பிளஸ் டூ சோதனைகள் விஷயத்தில் இந்தச் சிக்கனம் செல்லாது. தரப்படுத்திய சோதனையை விலை கொடுத்து, கையேட்டோடு வாங்கத்தான் வேண்டும். கையேட்டில்தான் மதிப்பெண் திறவுகோலும் ஒப்பீட்டு அட்டவணையும் இருக்கும். கேள்வித்தாளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கும் அலமாரியால் பயனில்லை. பதிப்புரிமைக் குற்றம் என்பது ஒருபுறம், வந்த மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்றே சொல்ல முடியாது. நுண்ணறிவை அளக்கும் ரேவன் மேட்ரிசஸின் ஜெராக்ஸ் என்றால் இன்னும் மோசம்: ஐந்து தொகுதி, தொகுதிக்குப் பன்னிரண்டு, மொத்தம் 60 படப் புதிர், நுணுக்கக் கோடுகள் ஜெராக்ஸில் ஒட்டிக்கொண்டால் சரியான விடையே தாளில் இருக்காது. அசல் புத்தகத்திலும் போன வருஷப் பிள்ளைகள் பென்சிலால் குறித்துவைத்திருப்பார்கள். தேர்வுக்கு முன் ரப்பரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

மதிப்பெண்ணைத் தலைகீழாகப் படிப்பது அடுத்த வழக்கமான தவறு. பள்ளி மாணவருக்கான சின்ஹா, சிங் பொருத்தப்பாட்டுச் சோதனையில் 60 கேள்வி. உணர்ச்சி, சமூகம், கல்வி என்று மூன்றுக்கும் இருபது இருபது. இதில் மதிப்பெண் கூடினால் பொருத்தப்பாடு குறைவு. ‘முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறார், ஆகவே நன்றாகப் பொருந்தியிருக்கிறார்’ என்று எழுதிய ஃபைல்கள் ஏராளம். சரஸ்வத் தற்கருத்துச் சோதனையில் 48 கேள்வி, ஆறு பகுதி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். மொத்தம் 48-க்குக் குறையவோ 240-ஐத் தாண்டவோ முடியாது. கூட்டல் தவறை இந்த வரம்பை வைத்தே பிடித்துவிடலாம். இங்கே கூடினால் நல்லது. சின்ஹாவின் பதற்றச் சோதனையில் 90 கேள்வி, கூடினால் பதற்றம் கூடுதல். ஒவ்வொரு ஃபைலின் முதல் பக்கத்திலும் ‘கூடினால் என்ன’ என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

இன்னொன்று மொழிபெயர்ப்பு. ஆங்கிலக் கேள்வி புரியாத பிள்ளைக்கு நடத்துபவர் அந்த இடத்திலேயே தமிழில் சொல்லிக் கொடுப்பார். நல்ல மனசுதான். ஆனால் சொல் மாறிய நிமிடமே கையேட்டின் அட்டவணை அந்த மதிப்பெண்ணுக்குப் பொருந்தாது. ஆங்கிலம் புரியும் பிள்ளையைச் சோதனைக்கு உட்கார வையுங்கள், அல்லது சொற்கள் இல்லாத ரேவனைத் தேர்ந்தெடுங்கள். உதவி செய்ய நேர்ந்துவிட்டால் எத்தனையாவது கேள்விக்கு என்று அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். தேர்வாளர் அதற்கு மார்க் குறைக்க மாட்டார்.

அறிக்கைக்கு வரிசை உண்டு: தலைப்பு, கருத்து விளக்கம், நோக்கம், சோதனையைப் பற்றிய குறிப்பு, உட்படுபவரின் விவரம், சூழல், அறிவுறுத்தல், முன்னெச்சரிக்கை, நடத்திய விதம், அவர் நடந்துகொண்ட விதம் பற்றிய கவனிப்பு, அவரே சொன்ன அனுபவம், மதிப்பெண் அட்டவணை, விளக்கம், முடிவு. பாதிப் பேர் கவனிப்புப் பகுதியில் ‘நன்றாக ஒத்துழைத்தார்’ என்ற ஒரே வரியோடு முடித்துவிடுவார்கள். முப்பதாவது கேள்விக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார், வீட்டைப் பற்றிய கேள்விகளில் பேனாவைத் தூக்கினார் என்று எழுதினால்தான் அது கவனிப்பு.

ஸ்டேஷனரிக் கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கும் ரெடிமேட் ஃபைல்களுக்கு எங்கள் மதிப்பு பூஜ்யம். ஒரே ஸ்கோர், ஒரே விளக்கம், ஒரே எழுத்துப்பிழை. மூன்று பேர் அதையே பார்த்து எழுதினால், வெளித்தேர்வாளருக்கு அட்டவணையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். வைவா அங்கிருந்தே ஆரம்பிக்கும்.

கேஸ் ப்ரொஃபைலுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் சின்ன ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பெயரை மறைத்து இனிஷியல் போட்டாலும், ‘பென்னாகரம் பக்கம், அப்பா டெய்லர், அண்ணன் பட்டாளத்தில்’ என்று எழுதினால் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். ஊர், தொழில், குடும்ப விவரம் மூன்றையும் பொதுவாக்குங்கள். ஆளிடமும், பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெற்றோரிடமும் சம்மதம் கேளுங்கள். தேர்வுப் பயம், புது விடுதியில் பழகுவது, மேடைக்கூச்சம் போன்றவை பிளஸ் டூ பிள்ளையின் கைக்கு அடங்கும் விஷயங்கள். மனநல சிகிச்சையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை எடுக்காதீர்கள். நோயின் பெயர் சூட்டும் வேலையும் வேண்டாம். ‘பதற்ற மதிப்பெண் அதிகம்’ என்று எழுதலாம், ‘பதற்றக் கோளாறு உள்ளவர்’ என்று எழுத மாணவருக்குத் தகுதி கிடையாது. பேச்சுவாக்கில் அவர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிச் சொன்னால் ரகசியம் காப்பது அங்கே பொருந்தாது. நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும்.

தியரித் தேர்வு மூன்று மணி நேரம். அண்மை மாதிரித் தாள்களில் இரண்டு மார்க்குக்கு 30 சொல், மூன்றுக்கு 60, நாலுக்கு 120, ஆறுக்கு 200 என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய கைக்கு இரண்டு மார்க் பதிலை 30 சொல்லில் நிறுத்துவதுதான் கஷ்டம். கதைப் பத்தி கொடுத்துக் கேட்கும் பகுதியில், பத்தியில் வரும் ஆளின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததை மேற்கோள் காட்டிப் பதில் எழுத வேண்டும். வெறும் வரையறைக்குப் பாதிதான் கிடைக்கும்.

பள்ளியில் பாடம் இல்லாதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் மேல்நிலை அளவில் சைக்காலஜி உண்டு, எண் 328. வேறு வழியே இல்லாதபோது அது சரி.

பிளஸ் டூவுக்குப் பின் தூரம் பெரிய தடையில்லை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. 1974-இல் இன்றைய வடிவம் பெற்ற மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் ஓசூர்க்காரர்கள் தினமும் பெங்களூரு போய்வரும் அதே சாலையில் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. பேருந்து நிலையச் சுவரில் ‘தபால் வழி பி.எஸ்சி. சைக்காலஜி’ என்று இன்னும் போஸ்டர் ஒட்டியிருந்தால், போன் செய்வதற்கு முன் யுஜிசி இணையதளத்தில் அந்த ஆண்டின் தொலைநிலைக் கல்விப் பட்டியலைத் திறந்து, பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.